ஓர் ஆள், ஒரு மேஜை, ஒரு மானிட்டர்

ஜைபாவின் மானிட்டர் கைதானபோது மணி காலை ஒன்பது பத்து.

குற்றம், மேஜைமேல் இரண்டாவதாக உட்கார்ந்திருந்தது. பிடிக்க மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அதன் நெற்றியில் சிவப்புச் சீட்டை ஒட்டினார். அடுத்தவர் ஒட்டியதைப் போட்டோ எடுத்தார். மூன்றாமவர், போட்டோ எடுத்தாயிற்று என்று பதிவேட்டில் எழுதினார்.

"சார், இது கம்பெனிப் பொருள் இல்ல. என் சொந்த மானிட்டர். காலையிலதான் வீட்டுல இருந்து கொண்டாந்தேன்" என்றாள் ஜைபா.

"அப்ப இன்னும் மோசம் மேடம்" என்றார் சீட்டு ஒட்டியவர். "கம்பெனிப் பொருளா இருந்தா தேவையில்லாத பொருள், அவ்வளவுதான். வெளிப் பொருள்னா ஊடுருவல்."

காருக்கு இரும்புத் தகடு அடித்துக்கொடுக்கும் சுடர்முடி பிரெசிஷன் கம்பெனியில் ஒழுங்கு இயக்கம் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. 'ஓர் ஆள், ஒரு மேஜை, ஒரு மானிட்டர்' என்று சுவருக்குச் சுவர் எழுதியிருந்தார்கள். மிஞ்சியதெல்லாம் கேன்டீனுக்குப் பின்னால் இருந்த கம்பிக்கூண்டுக்குப் போகும். கூண்டில் ஏற்கெனவே ஒரு மூன்றுகால் நாற்காலி இருந்தது. அலுவலகம் காகிதமில்லா அலுவலகமாக உயர்ந்த நாளில் உள்ளே போன பிரிண்டர்கள் இருந்தன. ஆறு மாதமாக யாரும் திறக்காத காரணத்தால் தேவையற்றது என்று தீர்ப்பான முதலுதவிப் பெட்டியும் இருந்தது. அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது ஜைபாவின் மானிட்டர். கூண்டுச் சாவி, மனிதவளத் துறைத் தலைவர் ராஜசேகரின் பேன்ட் பாக்கெட்டில்.

ஜைபாவுக்கு முப்பத்தைந்து வயது. மத்திகிரியில் வாடகை வீடு. தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ் நான்கிலும் சண்டை போடத் தெரிந்தவள். கம்பெனி வாங்கும் மெஷின்களோடு வரும் இங்கிலீஷ் புத்தகங்களைத் தமிழாக்குவது அவள் வேலை. அவள் எழுதுவதில் முக்கியமான பக்கங்களை அலுமினியத் தகட்டில் பொறித்து மெஷினிலேயே ஆணி அடித்து இறக்கிவிடுவார்கள். ஆபரேட்டருக்கு அந்தத் தகடுதான் வேதம்.

ஒற்றை மானிட்டரில் இங்கிலீஷ் பக்கத்தைத் திறந்தால் தமிழ்ப் பக்கம் மறையும். தமிழைத் திறந்தால் இங்கிலீஷ் மறையும். நடுவில் வாக்கியத்தை வாயில் போட்டு மென்றுகொண்டே வர வேண்டும். 'துவரம்பருப்பு கால் கிலோ, துவரம்பருப்பு கால் கிலோ' என்று முனகிக்கொண்டே கடைக்கு ஓடுகிற பிள்ளையின் கதிதான். வழியில் யாராவது 'உங்கப்பா ஊர்லயா?' என்று கேட்டால் போச்சு, கையில் உளுந்து வரும்.

துவரம்பருப்புக்குப் பதில் உளுந்து வந்தால் திருப்பிக் கொடுக்கலாம். இப்போது வந்திருப்பது நானூறு டன் பிரஸ் மெஷின். நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகம். வியாழக்கிழமை அது ஓடியாக வேண்டும். ஓட்டப்போகிறவன் முனிவேல். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு மானாவாரி கிராமத்திலிருந்து வந்து மத்திகிரியில் அறையெடுத்துத் தங்கியிருக்கிற பையன். கம்பெனி பஸ்ஸில் ஜைபாவின் மானிட்டரைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்தவனும் அவன்தான்.

"இதுக்குன்னு இம்மாம் பெரிய டிவி எதுக்குக்கா?" என்று கேட்டிருந்தான்.

"உன் மெஷின் புத்தகம் எழுதறதுக்குத்தான்டா. தப்பு வராம."

"அப்ப பத்தரமாப் புடிச்சிக்கிறேன்" என்று சொல்லி, வேகத்தடைகளில் அதை மார்போடு அணைத்துக்கொண்டான்.

ஜைபா நேராக ராஜசேகரின் அறைக்குப் போனாள்.

"உட்காருங்க மேடம்" என்றார் அவர். "நம்ம கம்பெனி ஒரு குடும்பம். குடும்பத்துல ஒருத்தருக்கு மட்டும் ரெண்டு தட்டு வெச்சா மத்தவங்க மனசு என்ன பாடுபடும்?"

அவருக்கு முன்னால் மூன்று மானிட்டர்கள் இருந்தன. இடதில் உற்பத்திக் கணக்கு. நடுவில் பட்டறையின் கேமராக் காட்சி. வலதில் ஓர் அருவி, சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

"சார், உங்ககிட்டயே மூணு இருக்குதே."

ராஜசேகர் கோபப்படவில்லை. கோபப்படாமல் இருப்பதற்குப் பயிற்சி எடுத்தவர். "இது மானிட்டர் இல்லம்மா, விஷன். மேனேஜ்மென்ட்டுக்கு விஷன் வேணும். நீங்க கேக்கறது வெறும் பாக்கறதுக்கு. நான் நடுவுல யாரு வேலை செய்யறாங்கன்னு பாப்பேன். இந்தப் பக்கம் எவ்வளவு செஞ்சாங்கன்னு பாப்பேன். ரெண்டையும் பாத்தா எனக்கு பிபி ஏறும். அதுக்குத்தான் அருவி."

பிறகு ஒரு படிவத்தைத் திறந்தார். ஐந்து முறை 'ஏன்' கேட்டால் எந்தப் பிரச்சினையின் வேரும் வெளியே வந்துவிடும் என்பது கம்பெனியின் நம்பிக்கை. ஏன் இரண்டாவது மானிட்டர்? இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க. ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும்? மாறி மாறிப் பார்த்தால் தப்பு வரும். ஏன் வரும்? நடுவில் மறந்துபோகும். ஏன் மறக்கும்? மனுஷி என்பதால். ஏன் மனுஷி?

ஐந்தாவதை ராஜசேகரே பூர்த்தி செய்தார்: 'பயிற்சி போதாது.'

அன்று மதியம் அவளுக்கு நினைவாற்றல் பயிற்சி. தளி மார்க்கெட்டுக்கு வரும் இருபது காய்கறிகளின் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். பீட்ரூட் வரைக்கும் சொன்னாள். சான்றிதழ் கொடுத்தார்கள்.

சான்றிதழை வாங்கிக்கொண்டும் அவள் மானிட்டர் கேட்டாள் என்பதால், விஷயம் ஆய்வுப் பிரிவுக்குப் போனது. திங்கட்கிழமை காலை, கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க விமல்ராஜ் வந்தான். எந்த வேலைக்கு எத்தனை விநாடி என்று அளப்பதற்கென்றே கம்பெனி வைத்திருக்கும் இளம் இன்ஜினியர். கையில் கேன்டீனிலிருந்து ஓர் எண்ணெய் அட்டைப்பெட்டி.

"ரெண்டு மானிட்டர் வெச்சா கழுத்து எத்தனை தடவை திரும்புதுன்னு ஸ்டடி பண்ணணும் மேடம்."

"அப்ப மானிட்டரைக் கூண்டுல இருந்து எடுத்துட்டு வாங்க."

"சிவப்புச் சீட்டு ஒட்டினதை வெளிய எடுக்க முடியாதுங்களே. அதான் பெட்டி." மானிட்டர் இருந்த இடத்தில் பெட்டியை வைத்தான். 'இந்தப் பக்கம் மேலே' என்று அதில் அம்புக்குறி இருந்தது. "இதுல இங்கிலீஷ் இருக்குதுன்னு நெனைச்சுக்குங்க. ஒவ்வொரு வரிக்கும் திரும்பிப் பாருங்க. நான் எண்ணிக்கிறேன்."

"நெஜ இங்கிலீஷ் இந்த மானிட்டர்லதானே இருக்கு?"

"அதையும் பாருங்க மேடம். வேலை கெடக் கூடாதில்ல."

அறுபத்தொன்றாம் பக்கம் திறந்திருந்தது. இரும்புத் தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை மாற்றக் கையை உள்ளே விடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பக்கம். மெஷினில் வரிசையாகப் பத்துக் கைப்பிடிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஏழாம் எண் கைப்பிடியை இறக்கினால் மெயின் கரன்ட் நிற்கும். நாலாம் எண் வெறும் எண்ணெய் பம்ப்.

முதல் வரி. பெட்டியைப் பார்த்தாள். "ஒண்ணு" என்றான் விமல்ராஜ். "ரெண்டு." "மூணு." நான்காவது வரியை இங்கிலீஷில் படித்துவிட்டு 'ஏழு, ஏழு' என்று முனகிக்கொண்டே தமிழ்ப் பக்கத்துக்குத் தாவினாள் ஜைபா.

"மேடம், பெட்டி!"

திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள்.

"நாலு!"

திரும்பி வந்து டைப் செய்தாள். பக்கத்தில் அதுதான் கடைசி வரி. விமல்ராஜ் குனிந்து, அவள் கையிலிருந்த மவுஸை மெதுவாக வாங்கி, 'சமர்ப்பி' என்பதை அழுத்தினான். "பக்கம் முடிஞ்சா சப்மிட் பண்ணாத்தான் மேடம் வாட்ச்சை நிறுத்த முடியும்."

பக்கம் மறைந்தது. சமர்ப்பித்த பக்கத்தை மொழிபெயர்ப்பாளர் மறுபடி திறக்க முடியாது. அந்த உரிமை ராஜசேகரின் கம்ப்யூட்டருக்கு மட்டும்.

அறிக்கை சாயங்காலமே வந்துவிட்டது. இரண்டு மானிட்டர் கொடுத்தால் ஜைபாவின் கழுத்து ஒரு வருடத்தில் எழுபத்தோராயிரத்து இருநூற்று ஐம்பது முழுச்சுற்று சுற்றும். எந்தக் கழுத்தும் அதைத் தாங்காது. ஆகவே ஊழியர் நலன் கருதி கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

ஜைபாவுக்கு அறிக்கை பெரிதாகப் படவில்லை. நெஞ்சில் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. பல்லிடுக்கில் பாக்குத்தூள் சிக்கியதுபோல. அறுபத்தொன்றில் ஏதோ இடறிவிட்டது. என்ன என்று பிடிபடவில்லை. மறுபடி திறக்கச் சொல்லி மெயில் போட்டாள். பதில் உடனே வந்தது: பக்கத்தைத் திறக்க, அதில் என்ன தவறு என்று முதலில் குறிப்பிட வேண்டும். என்ன தவறு என்று பார்க்கத்தான் திறக்கச் சொல்கிறேன் என்று எழுதினாள். தவறு எதுவும் குறிப்பிடப்படாததால் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது.

செவ்வாய்க்கிழமை அவள் மேஜையைச் சுற்றிக் கூட்டம். மானிட்டரின் நட்டநடுவில் மேலிருந்து கீழாக மஞ்சள் டேப் ஒட்டப்பட்டிருந்தது. பட்டறைத் தரையில் கோடு போடுவார்களே, அதே இரண்டு அங்குல டேப். மேலே சந்தனம், குங்குமம். குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன்.

ராஜசேகர் கத்தரியோடு பேசினார். "நண்பர்களே! பிரச்சினைன்னு வந்தா சில கம்பெனிகள் பொருள் வாங்கும். நாம கோடு போடுவோம். இன்று முதல் இடது பாதி ஒரு மானிட்டர், வலது பாதி ஒரு மானிட்டர். கேட்டது ரெண்டு, கொடுத்தது ரெண்டு. இதுல நமக்கு ஒண்ணுமே செலவில்ல. தொழிலாளி கேட்டு நாம இல்லைன்னு சொன்னதா சரித்திரம் கிடையாது. ஏன்னா கேக்கறதுக்கு ஒரு படிவம் வெச்சிருக்கோம்!"

ரிப்பன் வெட்டப்பட்டது. எழுத்துகள் எறும்பு அளவுக்குச் சுருங்கின. ஒவ்வொரு வரியிலும் நடுவில் இருந்த இரண்டு சொற்கள் டேப்புக்கு அடியில் போயின.

"சார், அறுபத்தொண்ணாம் பக்கம்" என்று கைதட்டலுக்கு நடுவே ஜைபா அவரைப் பிடித்தாள். "தகட்டுல பொறிக்கறதுக்கு முன்னாடி நான் ஒருதரம் பாக்கணும். நான் இன்னும் 'சரிபார்த்தேன்'னு டிக் போடல."

"நாற்பத்தெட்டு மணி நேரம் போடலன்னா சிஸ்டமே போட்டுக்கும் மேடம். உங்க பேர்லயே. அந்த வசதி இருக்குது."

"கைய உள்ள விடற பக்கம் சார் அது!"

"மொத்தம் எத்தனை பக்கம்?"

"நூத்திப் பன்னெண்டு."

"நூத்திப் பன்னெண்டுல ஒண்ணு. தொண்ணூத்தொம்பது பர்சன்ட் தாண்டிட்டீங்க. நம்ம இலக்கே தொண்ணூத்தஞ்சு. சந்தோஷமா இருங்க."

புதன்கிழமை சாயங்கால பஸ்ஸில் முனிவேல் பக்கத்து சீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் பல்.

"நாளைக்கு நான்தாங்க்கா புது மெஷின்ல. தகடெல்லாம் அடிச்சிட்டாங்கோ. பளபளன்னு இருக்குது. கீழ உங்க பேரு கூடப் போட்டிருக்குதுக்கா, பொடி எழுத்துல."

"முனிவேலு, நான் சொல்றதக் கேளு. அச்சு மாத்தறப்ப தகட்ட நம்பாத. என்னைக் கூப்புடு."

"போனை கேட்லயே புடுங்கி வெச்சிக்கிறாங்களே. எங்க கூப்புடறது?" என்று சிரித்தான். "தகட்டுல இருக்கறத வரி மாறாம செய்யணும், இல்லன்னா மெமோ. ஏன் மாடோது, என்ன பண்றது, சொல்லுங்க. அட, நீங்க எழுதினதுதானேக்கா? எனக்கென்ன பயம்?"

ஜைபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வியாழன். காலை பத்தேகால். ராஜசேகர் மாவட்ட அளவிலான ஒழுங்குப் போட்டிக்கு மஞ்சள் டேப் பற்றி உரையாற்றக் கிருஷ்ணகிரி போயிருந்தார். அவர் அறையில் உதவியாளர் ஹரிணி மட்டும்.

"ஹரிணி, ரெண்டே நிமிஷம். புண்ணியமாப் போகும். அந்த ஃபைல மட்டும் திற."

"சாருக்குத் தெரிஞ்சா என்னைக் கூண்டுல போட்டுருவார் மேடம்" என்றபடி ஹரிணி திறந்துவிட்டாள். நல்ல பெண்.

உற்பத்திக் கணக்கு மறைந்து இடது மானிட்டரில் இங்கிலீஷ் வந்தது. அருவி மறைந்து வலது மானிட்டரில் தமிழ் வந்தது. பதினொரு மாத வேலையில் முதல்முறையாக ஜைபா இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள்.

ஒரு விநாடி ஆனது.

இடதில் ஏழு. வலதில் நாலு.

நடு மானிட்டரில் முனிவேல்.

புது மெஷின் முன்னால் நின்று தகட்டை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். வரி மாறாமல் படித்தான். நாலாம் எண் கைப்பிடியைக் கீழே இறக்கினான். எண்ணெய் பம்ப் நின்றால் இரைச்சல் அடங்கும். மெஷின் மொத்தமும் நின்றதுபோலவே இருக்கும். அவன் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டான்.

மூன்று மானிட்டர் இருந்தால் எவ்வளவு வசதி என்பது ஜைபாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பட்டறைக்குப் போன் போடு ஹரிணி! சீக்கிரம்!"

"அங்க போன் இல்ல மேடம். போன மாசம் சீட்டு ஒட்டிட்டாங்க."

ஜைபா ஓடினாள். படி இறங்கி, கேன்டீன் தாண்டி, கூண்டு தாண்டி ஓடினாள். பட்டறை வாசலில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் செக்யூரிட்டி.

"மேடம், மேடம்! செருப்போட கோட்டைத் தாண்டக் கூடாது. சேஃப்டி ஷூ எங்க?"

"அண்ணா, உள்ள ஆள் கைய விடறான்! மெஷினை நிறுத்தச் சொல்லுங்க!"

"ஷூ போடாம வந்து கால்ல எதுனா வுழுந்தா யாரு பதில் சொல்றது? இப்படி ரிஜிஸ்டர்ல பேரு, நேரம் எழுதுங்க. கூப்புடறேன்."

ஜைபா அவர் கையைத் தட்டிவிட்டு அலறினாள். "முனிவேலூ!"

உள்ளே ஒரே ஒரு சத்தம். நானூறு டன். அதற்குப் பிறகுதான் மனிதச் சத்தம்.

முதலுதவிப் பெட்டி கூண்டில் இருந்தது. கூண்டுச் சாவி கிருஷ்ணகிரியில் இருந்தது. யாரோ தன் பனியனைக் கிழித்துக் கட்டினார்கள். அன்று போட்டியில் கம்பெனிக்கு இரண்டாம் பரிசு.

திங்கட்கிழமை விசாரணைக் கமிட்டி கூடியது. ராஜசேகர் தலைமை. பரிசுக்கோப்பை மேஜைமேல் இருந்தது. முன்னால் பெயர் அட்டை இல்லாமல் அங்கே உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அதுதான்.

"தப்பு என்னுதுதான்" என்றாள் ஜைபா. நான்கு நாளாகத் தூங்காத குரல். "ஏழுன்னு வாயில வெச்சிருந்தேன். இவர் பக்கத்துல நின்னு நாலுன்னு எண்ணினார். கை நாலுன்னு அடிச்சிருச்சு."

ராஜசேகர் விமல்ராஜ் பக்கம் திரும்பினார். "எண்ணினது சரியா விமல்?"

விமல்ராஜ் குறிப்பைப் பார்த்தான். நிமிரவில்லை. "சரிதான் சார். அது நாலாவது தடவைதான்."

"அப்ப நம்ம எண்ணிக்கைல பிழையில்ல. எழுதிக்குங்க." பிறகு தொண்டையைச் செருமினார். "நாம உணர்ச்சிவசப்படாம டேட்டாவைப் பாக்கணும். மேடம் பதினொரு மாசம் ஒரு மானிட்டர்ல வேலை செஞ்சாங்க. எத்தனை தப்பு பதிவாச்சு? பூஜ்யம். என்னோட கேபின்ல, அனுமதி இல்லாம, ஒரே ஒரு தடவை ரெண்டு மானிட்டரைப் பாத்தாங்க. எத்தனை தப்பு பதிவாச்சு? ஒண்ணு. இதுல இருந்து என்ன தெரியுது?"

கோப்பையைக் கொஞ்சம் நேராக நகர்த்திவைத்துவிட்டு அவரே சொன்னார்.

"ரெண்டு மானிட்டர் வெச்சாத்தான் தப்பு வருது."

ஐந்து 'ஏன்'களும் அன்று ஐந்தே நிமிடத்தில் நிரம்பின. ஜைபாவுக்கு மெமோ, ஹரிணிக்கு மெமோ. செக்யூரிட்டிக்கு, பதற்றமான சூழலிலும் மஞ்சள் கோட்டைக் காத்ததற்காகப் பாராட்டுச் சான்றிதழ்.

வேலையை விட்டுவிடலாம் என்று ஜைபா ராஜினாமாவை எழுதினாள். புத்தகத்தில் இன்னும் ஐம்பத்தொரு பக்கம் பாக்கி இருந்தது. அவள் போனால் அதை எவன் எப்படி எழுதுவான், எந்தக் கை எங்கே போகும் என்று நினைத்தாள். கடிதத்தை அனுப்பவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து முனிவேல் வேலைக்குத் திரும்பினான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. பிரஸ் ஓட்ட முடியாதவனுக்கு இலகுவான வேலை கொடுக்க வேண்டும் என்பது விதி. கம்பெனி யோசித்தது. அன்று பத்து மணிக்கு ராஜசேகரே அவனை அழைத்துக்கொண்டு ஜைபாவின் மேஜைக்கு வந்தார். போட்டோகிராபரும் வந்தார்.

"மேடம், உங்க கோரிக்கையை நாங்க மறக்கல." மானிட்டர் இருந்த இடத்துக்கு நேராக ஒரு ஸ்டூலைப் போடச் சொன்னார். முனிவேலை அதில் உட்காரவைத்தார். காகிதத் தடையிலிருந்து விசேஷ விலக்கு வாங்கி அச்சடித்த இங்கிலீஷ் பக்கங்களை அவன் இடது கையில் கொடுத்தார். "இவர் பிடிச்சிக்குவார். நீங்க பாத்துப் பாத்து அடிங்க. கரன்ட் செலவு கூட இல்ல. அடுத்த வருஷம் முதல் பரிசு நமக்குத்தான்."

ஸ்டூலின் காலில் சொத்து எண் சீட்டு ஒட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். போனார்கள்.

"முனிவேலு..." என்று ஆரம்பித்தாள் ஜைபா. "அந்த நாலு... நான்தான்டா அடிச்சேன்."

"தெரியும்க்கா. பேரு போட்டிருந்துச்சே." சொல்லிவிட்டுத் தாள்களைப் புரட்டினான். அறுபத்தொன்று மேலே வந்தது. தகட்டை மாற்றுவதற்கு எல்லாப் படிவமும் நிரம்பி, அன்றுதான் அந்தப் பக்கம் அவளிடம் திரும்பியிருந்தது. "இத மொதல்ல முடிங்க. ரெண்டாவது ஷிப்ட்ல புதுப்பையன் ஒருத்தன் ஏறப்போறான் அந்த மெஷின்ல."

ஜைபா மஞ்சள் டேப்பைப் பிய்த்து எறிந்தாள். கீபோர்டில் கை வைத்தாள். கதவருகே விமல்ராஜ் ஸ்டாப்வாட்ச்சோடு வந்து நின்றான். புது ஏற்பாட்டை அளந்தாக வேண்டும். வாய் திறக்கப் போனவனை முனிவேல் ஒரு பார்வை பார்த்தான். அவன் வாயை மூடிக்கொண்டான்.

முனிவேல் பக்கத்தை அவள் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். வலது கையைக் கொண்டுபோய் நான்காவது வரியில் வைத்தான்.

"ஏழுக்கா. நல்லாப் பாத்துக்குங்க. ஏழு."

அவன் சுட்டிய இடத்தில் விரல் இல்லை. அதனால் எண் மறைபடாமல் முழுசாகத் தெரிந்தது.